மேலே சூடு, கீழே குளிர்: கோபன்ஹேகனில் 11 குளிர்காலம்

கோபன்ஹேகன் புறநகரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று பாய்லர் எங்கே என்று தேடினேன். படிக்கட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிதான் இருந்தது. உள்ளே இரண்டு குழாய், ஒரு மீட்டர், குளிக்கும் தண்ணீரைச் சூடாக்க ஒரு வெப்பமாற்றி. ஊருக்கு ஒரு பக்கம் எரிகிற உலையிலிருந்து வெந்நீர் தெருவுக்கடியில் வருகிறது; சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. டேனிஷ்காரர்கள் இதை 'ஃபியெர்ன்வார்மெ' என்கிறார்கள், தூரத்துச் சூடு. நகரத்தின் வெப்பத் தேவையில் ஏறக்குறைய 98 விழுக்காடு இப்படித்தான் தீர்கிறது.

முதல் குளிர்காலத்தில் சிக்கனம் பிடிப்பதாக நினைத்து, ஹால் ரேடியேட்டரை (உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவரோரத் தட்டு) மட்டும் முழுதாகத் திறந்துவிட்டு மற்ற அறைகளில் மூடிவைத்தேன். மேலிருந்து கீழ்வரை கொதித்தது. பிரமாதமாக வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆண்டுக் கணக்கு வந்தபோது அதில் தனியாக ஒரு வரி: திரும்பிய தண்ணீர் சூடாக இருந்ததற்குக் கூடுதல் கட்டணம்!

எதிர்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற குழாய்த் தொழிலாளி. உள்ளே வந்தவர் ரேடியேட்டரின் தலையில் ஒரு கை, காலில் ஒரு கை வைத்துப் பார்த்தார். "கீழே குளிர்ந்திருக்க வேண்டும்" என்றார். எல்லா அறைகளிலும் ரேடியேட்டரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியை 3-ல் வைத்தார். தண்ணீர் மெதுவாக ஓடினால்தான் சூட்டை முழுதாக இறக்கிவிட்டுப் போகுமாம். ஒரு வாரத்தில் மீட்டரில் திரும்பும் நீரின் வெப்பநிலை 52-லிருந்து 34 டிகிரிக்கு வந்துவிட்டது. வீடும் முன்னைவிட ஒரே சீராக இருந்தது. இப்போது விருந்தாளிகள் யாராவது ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத்தைத் தொட்டு "பழுதாகிவிட்டதே" என்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆறாவது ஆண்டில் ஒரு தலைவலி. குளியலறையில் வெந்நீர் வரத் தாமதமானது, வந்தாலும் வெதுவெதுப்புதான். வந்த பழுதுபார்ப்பவர் ஒரு வால்வை மாற்றிக் காசு வாங்கிப் போனார், ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது ஆள் வெப்பமாற்றியைக் கழற்றினார். சுண்ணாம்பு அடைத்திருந்தது. இந்த ஊர்த் தண்ணீர் கடின நீர். சமையலறைக் கெட்டிலுக்குள் படியும் வெள்ளைப் படலத்தை தினமும் பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை.

கட்டணத்தைப் பற்றி முணுமுணுப்பு உண்டு. நிறுவனத்தை மாற்ற முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போனாலும் நிலைக் கட்டணம் ஓடும். ஆனால் லாபம் வைக்கக்கூடாது, அடக்கச் செலவை மட்டுமே வசூலிக்கலாம் என்பது இங்கே விதி. 2022-ல் எரிவாயு விலை ஏறியபோது, எரிவாயு பாய்லர் வைத்திருந்த நண்பர் வீட்டுக்குள் கம்பளிக் கோட்டுடன் உட்கார்ந்திருந்தார். 1973 எண்ணெய் நெருக்கடியில் பட்ட சூட்டில் 1979-ல் இந்தக் குழாய்ச் சூட்டுக்கு வழிசெய்யும் வெப்பச் சட்டம் கொண்டுவந்தவர்களை அப்போது மனதுக்குள் வாழ்த்தினேன்.

எனக்கு உறுத்துவது உலையில் போடும் பொருள். மரத்துகள்களும் குப்பையும்தான் பெரும்பங்கு. இந்த ஊரில் குப்பை எரிக்கும் அமாகர் பக்கே ஆலையின் கூரையில் 2019 முதல் பனிச்சறுக்கு நடக்கிறது, வேடிக்கைதான். ஆனால் அதன் வயிற்றை நிரப்ப வெளிநாட்டுக் குப்பையும் வந்திருக்கிறது. கப்பலில் வரும் மரத்தை எரித்துவிட்டுப் பசுமை என்று சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. டென்மார்க்கின் எஸ்பியர் நகரத்தின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது: 2024-ல் நிலக்கரி நிலையத்தை மூடிவிட்டுக் கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ராட்சத பம்புகளுக்கு மாறியிருக்கிறார்கள். இன்னொரு டேனிஷ் நகரமான ஓடென்சேயில் ஃபேஸ்புக்கின் சர்வர் மையம் கக்கும் சூடு வீடுகளுக்குப் போகிறது. இப்படிப்பட்ட பம்புகளுக்குத் தண்ணீரைக் குறைந்த சூட்டில் அனுப்பினால் மின்சாரம் மிச்சம். பெரியவர் திருகியை 3-ல் வைத்ததன் முழு அருமை அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

இந்த ஊரில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: சமையலறை அலமாரியைப் பிறகு பார்க்கலாம். முதலில் படிக்கட்டுக்கு அடியில் உள்ள பெட்டியைத் திறந்து வெப்பமாற்றியின் வயதைப் பாருங்கள். போன ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கி, திரும்பிய நீர் எத்தனை டிகிரி என்று பாருங்கள்.