துப்பாக்கி எதுக்கு வேணும்? நாலு நாடும் பெரியப்பாவின் ஒத்தைக்குழலும்

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு ஒத்தைக்குழல் துப்பாக்கி இருந்தது. சேர்வராயன் மலையில் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, நிறைய காட்டுப்பன்றி. குழல் வாய்வழியாகக் கரிமருந்தைப் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற ரகம். ஒரு தடவை வெடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராவதற்குள் பன்றி பக்கத்து ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். சத்தத்துக்குத்தான் அது, பன்றியைச் சுட்டால் வனத்துறை கேஸ் போட்டுவிடும். தேர்தல் அறிவித்தால் அதைச் சாக்கில் சுற்றி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை திரும்பி வந்தபோது குழலுக்குள் அப்படித் துரு, தேங்காய் எண்ணெய் விட்டுத் துணி சுற்றி இரண்டு நாள் தேய்த்தார், திட்டிக்கொண்டே.

அமெரிக்காவில் எங்காவது பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச்சூடு என்று செய்தி வந்தால் எனக்கு அந்தத் துருதான் ஞாபகம் வரும். உடனே சண்டையும் ஆரம்பிக்கும். "துப்பாக்கி ஜாஸ்தி, அதனால்தான் சாவு" என்பார் ஒருவர். "சுவிட்சர்லாந்தைப் பார், வீட்டுக்கு வீடு ரைபிள், அங்கே என்ன குடி முழுகிவிட்டது?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் துப்பாக்கியைத்தான் எண்ணுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கேட்டுப் போய் நிற்பவனிடம் அரசாங்கம் என்ன கேட்கிறது என்பது.

அமெரிக்காவில் கேட்பது "உனக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா?" என்று. கடையில் 4473 என்ற படிவத்தைத் தருவார்கள். பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவரா, தலைமறைவாக இருப்பவரா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, வீட்டு வன்முறை வழக்கில் தண்டனை உண்டா என்று வரிசையாக வரும், எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுக் கையெழுத்து. கடைக்காரர் எஃப்.பி.ஐ. நடத்தும் சரிபார்ப்புக்கு அனுப்புவார், பெரும்பாலும் சில நிமிஷத்தில் பதில் வந்துவிடும். மூன்று வேலைநாளில் பதில் வராவிட்டால் விற்றுக்கொள்ளலாம் என்பது கூட்டாட்சிச் சட்டம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் அந்த ஓட்டை வழியாகத்தான் துப்பாக்கி வாங்கினான். இது கடைக்கு மட்டும். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் கூட்டாட்சிச் சட்டப்படி சரிபார்ப்பே தேவையில்லை, சில மாநிலங்கள்தான் தனியாகச் சட்டம் போட்டு வைத்திருக்கின்றன.

"எதுக்கு?" என்ற கேள்வி அங்கேயும் ஒரு மூலையில் இருந்தது. நியூயார்க்கில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துக்கொண்டு நடமாட வேண்டுமென்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு மேல் சட்டம் இருந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது, உரிமைக்குக் காரணம் கேட்பீர்களா என்று. அதற்கு முன் 2008-இல் ஹெல்லர் வழக்கு, வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்ற தீர்ப்பு. 1791-இல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் சேர்த்த, ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பற்றிய இரண்டாவது திருத்தத்தின் ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு இத்தனையும். அந்த வாக்கியத்தில் 'ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை' (சாதாரணக் குடிமக்கள் சேர்ந்த படை) என்றும் இருக்கிறது, அதை ஒரு தரப்பு உரக்கப் படிக்கும், இன்னொரு தரப்பு விழுங்கிவிட்டுப் படிக்கும்.

பெரியப்பா மாதிரி ஆட்கள் அமெரிக்கக் கிராமங்களிலும் இருக்கிறார்கள், போலீஸ் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும் இடங்களில். அவர்கள் தற்காப்பு பற்றிப் பேசுவதைக் கிண்டலடிக்க மாட்டேன். ஆனால் 2021-இல் அங்கே துப்பாக்கியால் செத்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை. திருடனுக்கு என்று வாங்கி வைத்தது அதிகமாக வீட்டு ஆளைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது.

அடுத்து ஆஸ்திரேலியா. 1996 ஏப்ரல் 28, டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைக் கொன்றான். பன்னிரண்டே நாளில் எல்லா மாநிலங்களும் புதிய விதிகளுக்குச் சம்மதித்தன. செய்தவர் இடதுசாரி யாரும் இல்லை, ஜான் ஹோவர்ட், பழமைவாதப் பிரதமர், பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கிராமப்புற ஓட்டுதான் அவர் கூட்டணிக்கே அடித்தளம். துப்பாக்கிக்காரர்கள் கூட்டத்தில் பேசப் போனபோது சட்டைக்குள் குண்டு துளைக்காத அங்கி போட்டுக்கொண்டு போனார், கோட்டுக்கு மேலே புடைத்துத் தெரிந்தது. (பிறகு அது தேவையில்லாத வேலை என்று அவரே வருத்தப்பட்டார்.) மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான வரியை ஒரு வருஷத்துக்கு 0.2 சதவீதம் ஏற்றி அந்தப் பணத்தில் சுமார் 6,50,000 துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி நசுக்கினார்கள்.

வாங்கி நசுக்கியதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது கேள்வி மாறியதுதான். அங்கே இப்போது "எதுக்கு வேணும்?" என்று கேட்கிறார்கள். வேட்டை, பண்ணை, சுடுதளப் போட்டி என்று நிஜமான காரணம் சொல்ல வேண்டும். தற்காப்பு என்று சொன்னால் அது காரணமாகவே எடுபடாது. அப்புறம் வாங்க அனுமதி கேட்டு, முதல் துப்பாக்கிக்காவது, 28 நாள் காத்திருப்பு. கோபத்தில் போனவன் ஆறிவிடுவான்.

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். துப்பாக்கிக் கொலைகள் 1996-க்கு முன்பே குறைந்துகொண்டுதான் வந்தன, அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 2018-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்மிங்டனில் ஒரு குடும்பமே துப்பாக்கிக்குப் பலியானது. 2025 டிசம்பரில் சிட்னியின் போண்டி கடற்கரையில் ஹனுக்கா என்ற யூதப் பண்டிகைக் கொண்டாட்டத்தில் 15 பேரைக் கொன்றார்கள், சுட்டவர்களில் ஒருவர் முறையாக லைசென்ஸ் வாங்கியவர். அதாவது "எதுக்கு?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கோப்பை மூடினால் போதாது.

சரி, சுவிஸ். வாதத்தில் இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. ரயிலில் கட்டாய ராணுவ சேவையில் இருக்கும் இளைஞர்கள் தோளில் ராணுவ ரைபிளோடு பயிற்சிக்குப் போவார்கள், எதிர் சீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். உண்மைதான். ஆனால் அந்த ரைபிளுக்கான தோட்டாவை வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் 2007-இல் முடிவெடுத்து நிறுத்தப்பட்டு, கொடுத்திருந்த தகர டப்பாக்கள் திரும்ப வாங்கப்பட்டன. ராணுவ சேவை முடிந்து ரைபிளைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும், தொடர்ந்து சுடுதளம் போனதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். குண்டு போட்ட பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக அனுமதி கேட்டால், என்ன ஆபத்து என்று நிரூபி என்பார்கள், பரீட்சையும் உண்டு. வீட்டில் சரி, வீதியில் கிடையாது. 2011-இல் ராணுவத் துப்பாக்கிகளை வீட்டிலிருந்து எடுத்துக் கிடங்கில் வைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது, 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான விதிகளை ஏற்பதா என்றபோது கிட்டத்தட்ட 64 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். "சுவிஸைப் பார்" என்பவர்கள் முதல் வாக்கெடுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னொன்று, 2003-க்குப் பிறகு ராணுவத்தைச் சுருக்கியதில் வீடுகளில் ரைபிள் குறைந்தது, ராணுவ வயது ஆண்களிடையே தற்கொலையும் குறைந்ததாக ஆய்வு வந்திருக்கிறது. கிடைப்பது குறைந்தால் சாவும் குறைகிறது, சுவிஸிலும்.

ஜப்பானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைத்துப்பாக்கி பொதுமக்களுக்குக் கிடையாது. ஷாட்கன் வேண்டுமென்றால் வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மனநல மருத்துவரின் சான்று, அக்கம்பக்கத்தில் விசாரணை, துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். 2022-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்றவன் குழாயையும் டேப்பையும் வைத்து அவனே செய்துகொண்டான். சட்டம் தோற்றதற்கு இது ஆதாரம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடையில் கிடைத்திருந்தால் அவன் ஏன் குழாய் அறுக்கிறான்?

நம் ஊர்ச் சட்டம் இந்த வரிசையில் எங்கே? காகிதத்தில் ஆஸ்திரேலியா பக்கம். 1959 ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி என்று தனியாகவே குறிப்பிடுகிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டுதான். குடகு மட்டும் விதிவிலக்கு, கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து லைசென்ஸ் விலக்கு உண்டு. ஆனால் நடைமுறையில் "எதுக்கு?" என்பதோடு "யாரைத் தெரியும்?" என்பதும் சேர்ந்துவிடுகிறது. பெரியப்பா பன்றிக்குக் கேட்டு ஒன்றரை வருஷம் நடந்தார். வட இந்தியாவின் சில ஊர்களில் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்கள் என்ன காரணம் எழுதிக் கொடுத்து வாங்கினார்களோ.

என் ஓட்டு ஆஸ்திரேலியாவின் கேள்விக்கும் சுவிஸின் தோட்டா விதிக்கும். அந்தக் கேள்வியை ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஒழுங்காகத் திரும்பக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நான் கூடுதலாகக் கேட்பது.

பெரியப்பா போன பிறகு அண்ணன் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றக் கலெக்டர் ஆபீஸ் போனான். எதுக்கு என்று கேட்டிருக்கிறார்கள். பன்றிக்கு என்றான். தோட்டம் யார் பேரில் என்றார்கள். தோட்டத்தை அதற்கு முந்தின வருஷமே விற்றாகிவிட்டது. சாக்கில் சுற்றி ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான், ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது.