நேரலைக் கூட்டங்களுக்குத் தமிழ்க் கேப்ஷன்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஜூமில், பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் கேப்ஷன் பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்தது என்றுதான் கூட்டம் நடத்தும் பலர் நினைக்கிறார்கள். கூட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு அது போதும். அதே கூட்டத்தை யூடியூப் வழியாகப் பொதுமக்களுக்கு விடும்போதுதான் சிக்கல். ஜூமில் தெரியும் கேப்ஷன், ஒவ்வொருவரும் தன் திரையில் வேண்டுமென்றால் போட்டுக்கொண்டு, வேண்டாமென்றால் அணைத்துவிடுவது. வெளியே போகும் ஒளிபரப்பு அடிப்படையில் படமும் ஒலியும்தான். எழுத்துக்குத் தனி வழி போட்டுத் தர வேண்டும். போடாவிட்டால் காது கேளாத பார்வையாளர் வாயசைப்பை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே இருக்கும் நமக்கோ எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும்.

பொது உரைகளையும் கலந்துரையாடல்களையும் கேப்ஷனோடு தமிழில் ஒளிபரப்பும் ஒரு சிறு குழுவில் சில ஆண்டுகளாக இந்த வேலையைப் பார்க்கிறேன். எழுத்தை வெளியே கொண்டுபோக மூன்று வழிகளைப் புழங்கியிருக்கிறோம்.

முதலாவது, எழுத்தை ஒளிபரப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்புவது. தொலைக்காட்சியிலிருந்து வந்த 608 என்ற தரம் இதற்கு உண்டு. ஆங்கிலத்துக்கு நன்றாக வேலை செய்யும். தமிழுக்கு உதவாது. அது லத்தீன் எழுத்துகளுக்காக, வரிக்கு 32 குறி என்ற கணக்கில் வகுக்கப்பட்ட பழைய தரம்; நம் எழுத்துக்கு அதில் இடமே இல்லை. ‘எங்கள் கருவி கேப்ஷனையும் சேர்த்தே அனுப்பும்’ என்று யாராவது சொன்னால், எந்த வடிவில் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, யூடியூப் தரும் ஒரு முகவரிக்கு எழுத்தை வரி வரியாக, நேரக் குறிப்போடு அனுப்புவது. ஜூமுக்கும் இதே பாணியில் ஒரு டோக்கன், அதாவது அந்தக் கூட்டத்துக்கென்றே தரப்படும் ரகசிய முகவரி உண்டு. இரண்டுமே ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் கேட்கும். நடுவில் டைப் செய்பவரின் கணினி ஒருமுறை அணைந்து எழுந்து, எண் மறுபடி 1-லிருந்து தொடங்கினால் போச்சு. வரிகள் போய்க்கொண்டே இருக்கும், திரையில் ஒன்றும் வராது. ஜூம் டோக்கன் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும் என்பதால், கூட்டம் தொடங்கிய பிறகு ஹோஸ்ட்தான் அதை எடுத்து அனுப்ப வேண்டும். வரவேற்புரைக்கு நடுவில் அவருக்கு இதெல்லாம் நினைவிருக்காது. அதனால் டோக்கன் எடுப்பதை இன்னொருவரின் பொறுப்பாக்கி, கூட்டத்தைக் கால் மணி நேரம் முன்பே திறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளில் படத்தின் கீழேயே எழுத்தை ஒட்டிவிடுவது. பார்ப்பவர் எதையும் அழுத்தத் தேவையில்லை. எந்தப் போனிலும் தெரியும். ஆனால் அவரால் அதை அணைக்கவோ பெரிதாக்கவோ முடியாது. தமிழுக்கு இதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. சாதாரண எழுத்துப் பெட்டியில் போட்டால் சில கணினிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’ என்பது படிக்கவே முடியாத கோலத்தில் வரும். அதற்குப் பதில், ஓபிஎஸ்ஸில் வலைப்பக்கத்தைக் காட்ட உதவும் ‘பிரவுசர் சோர்ஸ்’ வழியாக ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தால் எழுத்து ஒழுங்காகச் சேரும்.

இப்போது எங்கள் வழக்கம் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்தது. ஒட்டிய எழுத்து எல்லாருக்கும். இவை இரண்டோடு, கேப்ஷன் மட்டும் ஓடும் தனிப் பக்கத்தின் லிங்க்கையும் தருகிறோம். பெரிய எழுத்து வேண்டுபவர்கள், பின்னால் போய்ப் படிக்க விரும்புபவர்கள், நெட் மெதுவாக இருப்பவர்கள் எல்லாருக்கும் அந்தப் பக்கம்தான் கைகொடுக்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அப்புறம், எழுதுவது யார் என்ற கேள்வி. பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் கருவிகள் தமிழில் முன்பைவிட எவ்வளவோ தேறிவிட்டன. நல்ல மைக், ஒரே பேச்சாளர், நிதானமான பேச்சு என்றால் ஒப்பேற்றலாம். ஆனால் பிழைகளை எண்ணிப் பார்த்து மட்டும் தரத்தைச் சொல்லிவிட முடியாது. ஒரு கூட்டத்தில் பேச்சாளர் ‘இந்தத் தகவலைப் பகிரக்கூடாது’ என்றார். திரையில் ‘பகிரக்கூடியது’ என்று வந்தது. ஒரு சொல்லில் ஒரு துண்டுதான் மாறியிருக்கிறது, பொருள் தலைகீழ். ஒற்று விட்டுப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை, இது அப்படியல்ல. நேரலைக் கேப்ஷனை மதிப்பிடும் என்இஆர் முறையில் இதனால்தான் சிறு பிழைக்கு 0.25, நடுத்தரப் பிழைக்கு 0.5, பொருளையே பொய்யாக்கும் பிழைக்கு 1 என்று எடை போடுகிறார்கள். இப்படிக் கணக்கிட்ட துல்லியம் 98 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஏற்கத்தக்கது. எங்கள் அனுபவத்தில் அந்த முழு எடைப் பிழைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் விழுகின்றன: எதிர்மறை வினைகளிலும் எண்களிலும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் கருவியின் காதுக்கு அண்ணன் தம்பிதான்.

ஆகவே கருவி எழுத, ஒரு ஆள் பார்த்துத் திருத்துவது என்ற ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். திருத்துபவர் எல்லாப் பிழையையும் துரத்தக் கூடாது. துரத்தினால் பேச்சு எங்கோ போய்விடும். எதிர்மறை, எண், பெயர் மூன்றை மட்டும் பிடித்தால் போதும். முக்கியமான கூட்டங்களில் கருவியை விட்டுவிட்டு இருவர் மாறி மாறி டைப் செய்வார்கள். 20 நிமிடத்துக்கு மேல் ஒருவரையே உட்காரவைத்தால் கை தாங்கினாலும் காது தாங்காது. ‘செநு’ என்று அடித்தால் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று விரியும்படி சுருக்கங்களை முன்கூட்டியே சேர்த்துவைப்பதும், பேச்சாளரிடம் ஸ்லைடுகளையும் பெயர்ப் பட்டியலையும் முந்தின நாளே வாங்கிவிடுவதும் எந்த விலையுயர்ந்த சேவையைவிடவும் அதிகப் பலன் தந்தன.

எத்தனை வரி காட்டுவது என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. நீளமான வாக்கியத்தை இரண்டு வரியில் ஓடவிட்டால், ‘மறுத்தார்’ என்ற சொல் வந்து சேரும்போது யார் எதை என்பது மேலே ஏறி மறைந்திருக்கும். நாங்கள் மூன்று வரிக்கு மாறிய பிறகுதான் பார்வையாளர்களிடமிருந்து வந்த முணுமுணுப்பு அடங்கியது. ஓடிக்கொண்டே மாறும் எழுத்தைவிட, ஒரு வரி முடிந்ததும் மொத்தமாக வந்து நிற்பது படிக்க எளிது. கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.

தாமதம் எப்படியும் இருக்கும். யூடியூப் நேரலையில் 30 அல்லது 60 விநாடி கூடுதல் தாமதம் வைக்கும் வசதி உண்டு. நேரக் குறிப்போடு எழுத்தை அனுப்பினால், அந்த இடைவெளியில் எழுத்து ஒலியோடு சேர்ந்துவிடும். உரை மட்டும் என்றால் அருமையான ஏற்பாடு. கேள்வி நேரம் இருந்தால் முதலுக்கே மோசம்: பேச்சாளர் ‘கேள்விகள் உண்டா?’ என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் கை பிசைந்துகொண்டு இருக்க வேண்டியதுதான்.

கூட்டம் முடிந்த பிறகும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கும். யூடியூப் நேரலையில் தானாக உருவாக்கும் கேப்ஷன் பதிவில் தங்காது. பதிவுக்குப் புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கும். ஆள் பார்த்துத் திருத்தியதை இழக்க மனம் வராதென்றால், நாம் அனுப்பிய கேப்ஷனின் கோப்பைத் தனியாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள நேரங்கள் பேச்சுக்குச் சில விநாடி பின்தங்கியே இருக்கும், அதுவும் சீராக இருக்காது; வேகமாகப் பேசிய இடத்தில் அதிகம், இடைவெளி விட்ட இடத்தில் குறைவு. சப்டைட்டில் எடிட் போன்ற இலவச மென்பொருளில் முழுக் கோப்பையும் ஒரே அளவு முன்னே நகர்த்திவிட்டு, பிசகும் இடங்களை மட்டும் கையால் சரிசெய்கிறேன். இதை அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது. பெயரிலோ எண்ணிலோ சந்தேகம் வந்தால், பேச்சாளர் அன்றைக்குத்தான் போனை எடுப்பார்.