வராத மின்னஞ்சலை எங்கே தேடுவது? நான்கு ஏற்பாடுகளும் எங்கள் கிளிநொச்சிக் கடையும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள ஒரு கட்டடப்பொருள் விற்பனை நிலையத்தின் கணினி வேலைகளை நான் கவனித்து வருகிறேன். முல்லைத்தீவிலும் புதுக்குடியிருப்பிலும் அதற்குக் கிளைகள் உண்டு; மொத்தம் 14 மின்னஞ்சல் பெட்டிகள். விலைமனுக் கோரல்களும் கொள்வனவுக் கட்டளைகளும் இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே வருவதால், ஒரு மடல் வராமற்போனால் அது ஒரு லொறிச் சீமெந்து விற்காமற்போனதற்குச் சமம். ஒரே சேர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்ந்த ஹோஸ்டிங், கடைக்குள்ளேயே வைத்த சேர்வர், வெளிநாட்டுத் தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (நாமே நிர்வகிக்கும் மெய்நிகர் சேர்வர்) என மூன்றையும் வரிசையாகப் பயன்படுத்திவிட்டோம். நான்காவதான கட்டண மின்னஞ்சல் சேவையை மூன்று கிழமைகள் பரீட்சித்துப் பார்த்தேன். இன்று விபிஎஸ்ஸில் நிற்கிறோம்; அதன் பக்கம் நான் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

விலை, இடவசதி, கைப்பேசியில் திறக்கும் வசதி ஆகியவற்றை எவரும் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். "நேற்றே அனுப்பிவிட்டேன்" என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்கிறார், இங்கே பெட்டியில் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில், மடல் எங்கள் வாசல்வரை வந்ததா, வாசலில் மறுக்கப்பட்டதா, உள்ளே வந்த பின் தொலைந்ததா என்று எந்த ஏற்பாடு எனக்குச் சொல்லும்?

கடைக்குள் வைத்த சேர்வரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸ், மடல்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்பிக்ஸ், பெட்டிகளைத் திறந்து படிக்க உதவும் டவ்கொட் ஆகியவற்றை நிறுவி, ஒரு யூபிஎஸ் பெட்டியையும் வைத்தோம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, மடல்கள் எல்லாம் தொலைந்துவிடும் என்று முதலாளி பயந்தார். அப்படி நடக்கவில்லை. பெறும் சேர்வர் எழுந்து நிற்காவிட்டால் அனுப்பும் சேர்வர் மடலைத் தன் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பதும், கைவிடுவதற்கு முன் நான்கைந்து நாட்களாவது பொறுக்க வேண்டும் என்பதும் சேர்வர்களுக்கிடையே மடல்களைக் கடத்தும் எஸ்எம்டிபி நெறிமுறையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே ஓர் இரவு மின்சாரம் இல்லாததால் மடல் தாமதிக்குமே தவிர அழியாது. அந்த ஏற்பாட்டை நாங்கள் கைவிட்டதற்குக் காரணம் மின்சாரம் அன்று, இணைப்பு. கம்பி இணைப்புப் பழுதான நாட்களில் 4ஜி ரவுட்டருக்கு மாறினோம். அதில் எங்களுக்கென்று தனியான பொது ஐபி முகவரி கிடைக்கவில்லை, பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் நின்றோம். வெளியே மடல் அனுப்பவும் இணையத்தளம் பார்க்கவும் அது தடையாக இருக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து, சேர்வர்கள் மடல்களை வாங்கும் 25ஆம் துறைக்கு வந்து எங்கள் கதவைத் தட்ட எவராலும் இயலவில்லை. உள்ளே சேர்வர் நலமாக ஓடிக்கொண்டிருக்க, வந்துபோவதை எல்லாம் சேர்வர் வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவேடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அதற்கு முந்திய பகிர்ந்த ஹோஸ்டிங் மிக மலிவானது; இணையத்தளத்துடன் சேர்த்தே மின்னஞ்சலும் கிடைத்தது. சிபெனல் என்ற நிர்வாகப் பலகையில் பெட்டிகளை உருவாக்குவதும் கடவுச்சொல் மாற்றுவதும் எவருக்கும் எளிது. ஆனால் நாங்கள் வாங்கிய பொதியில் பதிவேட்டைப் பார்க்கும் வசதி திறந்துவிடப்படவில்லை. மடல் வரவில்லை என்று உதவிப் பிரிவுக்கு எழுதினால், "எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை, அனுப்பியவரிடம் கேளுங்கள்" என்ற பதில் ஒரு நாள் கழித்து வரும். அனுப்பியவரும் அதையே திருப்பிச் சொல்வார். இருவருக்கும் நடுவில் நிற்கும் எனக்குக் காட்ட ஓர் ஆதாரமும் இல்லை. இரண்டரை வருடங்கள் அப்படிக் கழிந்தன.

2023இன் தொடக்கத்தில் 2 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு விபிஎஸ்ஸை மாதம் 12 டொலருக்கு எடுத்தோம். டொலர் ஏறினால் எங்கள் செலவும் ஏறும் என்பது உண்மை. ஆனாலும் ஆளொன்றுக்கு மாதம் 6 டொலர் என்று வைத்தாலே 14 பெட்டிகளுக்கு 84 டொலர் ஆகிவிடும் கட்டணச் சேவையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. இருந்தாலும் விலைக்காக நான் இதைத் தெரிவு செய்யவில்லை, பதிவேட்டுக்காகவே தெரிவு செய்தேன். வந்த ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி, ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு மடலுக்கும் ஓர் அடையாள எண், மறுத்த ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு ஒரு குறியீடு என அனைத்தும் அதில் எழுதப்படுகின்றன. 4இல் தொடங்கும் குறியீடு தற்காலிக மறுப்பு, அனுப்பியவர் மீண்டும் முயல்வார். 5இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு, மடல் அனுப்பியவருக்கே திரும்பும். 250 என்று சொல்லி ஏற்றுக்கொண்டால் அதோடு ஒரு வரிசை எண்ணும் அனுப்பும் சேர்வருக்குக் கொடுக்கப்படும். பதிவுத் தபாலுக்குத் தபாற்கந்தோரில் தரும் பற்றுச்சீட்டைப் போன்றது அது. அனுப்பியவரின் கணினிப் பொறுப்பாளர் அந்த எண்ணைக் காட்டினால் தவறு என்னுடையது. காட்ட முடியாவிட்டால் மடல் என்னிடம் வரவேயில்லை. வாக்குவாதம் அவ்விடத்திலேயே முடிந்துவிடும்.

இதிலுள்ள ஒரு சிறு பொறியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சேர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. காலை 10.12க்கு அனுப்பியதாகச் சொல்லப்படும் மடலைப் பதிவேட்டில் 10.12இல் தேடினால் கிடைக்காது, 4.42இல் தேட வேண்டும். இந்த ஐந்தரை மணித்தியாலத்தை மறந்து, வந்த மடலை வரவில்லை என்று முதற்கிழமையிலேயே நான் அடித்துச் சொன்னதுண்டு.

பதிவேடு இல்லாவிட்டால் நான் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாத சில பழுதுகள் உண்டு. முதலாவது முழுக்க என் தவறு. வேண்டாத மடல்களைத் தடுப்பதற்காக குப்பை மடல் அனுப்பும் முகவரிகளைத் திரட்டிவைத்திருக்கும் ஸ்பாம்ஹவுஸ் கரும்பட்டியலைப் போஸ்ட்பிக்ஸில் இணைத்தேன். ஆனால் சேர்வர் தன் பெயர்த் தேடலுக்குப் எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுப் பெயர்வழங்கி (இணையப் பெயருக்கு ஐபி முகவரியைத் தேடித் தரும் சேர்வர்) ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. பொதுப் பெயர்வழங்கிகள் ஊடாக வரும் கேள்விகளுக்கு அந்தப் பட்டியல் 127.255.255.254 என்ற பிழை விடையைத் தரும். எந்த விடையைத் தடையாகக் கொள்ள வேண்டும் என்று நான் வரையறுக்காததால், என் சேர்வர் அந்தப் பிழை விடையையும் "தடைசெய்யப்பட்டவர்" என்று புரிந்துகொண்டு வந்த மடல்கள் அனைத்தையும் 554 சொல்லித் திருப்பியது. காலையிலிருந்து மதியம்வரை ஒரு மடலும் வரவில்லை. பதிவேட்டைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் காரணம் தெரிந்தது. சேர்வரிலேயே சொந்தமாக ஒரு பெயர்வழங்கியை நிறுவி, தடைக்குரிய விடைகளையும் வரையறுத்தபின் சரியானது. பகிர்ந்த ஹோஸ்டிங்கில் இப்படியொன்று நடந்திருந்தால் எத்தனை நாட்கள் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அங்கே இந்தத் தவறைச் செய்யும் அதிகாரமே எனக்கு இருந்திருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மடலின் அளவு. போஸ்ட்பிக்ஸ் இயல்பாகவே 10,240,000 பைட்டுகளுக்கு மேற்பட்ட மடலை ஏற்பதில்லை. ஒப்பந்தகாரர் ஒருவர் வீட்டு வரைபடங்களை 8 எம்பி கோப்பாக அனுப்பினார். இணைப்புக் கோப்பு மடலுக்குள் எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றிலொரு பங்குக்கு மேல் பருத்துவிடுவதால் அது எல்லையைத் தாண்டி, 552 என்ற மறுப்போடு திரும்பியது. அனுப்பியவருக்கு ஆங்கிலத்தில் வந்த அறிவித்தலை அவர் படிக்கவில்லை. எல்லையை 30 எம்பியாக உயர்த்தினேன்.

மூன்றாவது, நினைவகப் பற்றாக்குறை. நச்சுநிரல் தேடும் கிளாம்ஏவி தனியாகவே ஒரு ஜிபிக்கு மேல் நினைவகத்தை விழுங்கும். நெருக்கடியில் லினக்ஸ் அதைக் கொன்றுவிட, மடலைச் சோதிக்க வழியில்லாமல் போஸ்ட்பிக்ஸ் ஒவ்வொரு மடலுக்கும் 451 சொல்லிப் பின்னர் வரச்சொல்லிக்கொண்டிருந்தது. எதுவும் தொலையவில்லை, எல்லாம் தாமதித்தன. கிளாம்ஏவியைச் சிறு கடையொன்றுக்குத் தேவையற்ற பாரமாகக் கருதி நான் நீக்கிவிட்டேன். மற்றவர்கள் உடன்படாமல் இருக்கலாம்.

என்னை மிகவும் அலைக்கழித்தது நான்காவது. கொழும்பிலுள்ள ஓர் ஓடு விநியோகத்தரின் மடல்கள் மட்டும் வருவதில்லை. அவருக்கு எதுவும் திரும்பியும் வரவில்லை. அனுப்பியதாகவே அவர் கணினி காட்டியது. என் பதிவேட்டில் அவருடைய முகவரியும் இல்லை, அவர் சேர்வரின் ஐபியும் இல்லை, ஒரு மறுப்பு வரிகூட இல்லை. பதிவேட்டை முழுமையாக நம்பக்கூடிய ஏற்பாட்டில் அந்த வெறுமையே ஒரு விடையாகிறது: மடல் எங்கள் கதவுக்கு வரவேயில்லை, ஆகவே தேடவேண்டியது அவர் பக்கம். விசாரித்தபோது, அவருடைய ஹோஸ்டிங்கும் நாங்கள் விட்டுவந்த ஹோஸ்டிங்கும் ஒரே சேர்வரில் இருப்பது தெரிந்தது. எங்கள் மடல்கள் எந்தச் சேர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை நாங்கள் விபிஎஸ்ஸுக்கு மாற்றியபோதும் பழைய சேர்வரில் எங்கள் டொமைன் உள்ளூர் டொமைன் என்றே குறிக்கப்பட்டிருந்தது. அதனால் அங்கிருந்து அனுப்பப்படும் மடல்கள் எம்எக்ஸைக் கேட்காமலே எங்கள் பழைய பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தன. அந்தப் பெட்டியில் 43 மடல்கள் இருந்தன. மின்னஞ்சலை இடம்மாற்றுபவர்கள் பழைய பலகைக்குள் சென்று மின்னஞ்சல் வழிப்படுத்தலை "வெளி" என்று மாற்றிவிட்டு வருவது நல்லது. நான் அதைச் செய்ய மறந்திருந்தேன்.

மடல் உள்ளே வந்த பின்னரும் தொலையும். புதுக்குடியிருப்புக் கிளையின் பழைய கணினி ஒன்று பொதுப் பெட்டியைப் பொப்3 முறையில் திறந்து, இறக்கிய மடல்களைச் சேர்வரிலிருந்து அழித்துக்கொண்டிருந்தது. கிளிநொச்சியில் இருப்பவர்களுக்குப் பெட்டி காலியாகத் தெரிந்தது. டவ்கொட் பதிவேட்டில், அந்தக் கிளையின் ஐபி வெளியேறும் ஒவ்வொரு முறையும் எத்தனை மடல்கள் அழிக்கப்பட்டன என்ற எண்ணிக்கையும் பதிவாகியிருந்தது. எல்லோரையும், மடல்களைச் சேர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமெப் முறைக்கு மாற்றினேன்.

இனிக் கட்டணச் சேவைகள். கூகுளிலும் மைக்ரோசொப்டிலும் நிர்வாகிக்கு மடலின் பாதையைத் தேடிப்பார்க்கும் வசதி இருக்கிறது. நான் சோதித்த மூன்று கிழமைகளில், ஏற்றுக்கொள்ளப்பட்ட மடல் எந்தப் பெட்டிக்கு, எந்த நேரத்தில், வேண்டாத மடல் என்ற முத்திரையுடனா இல்லாமலா போனது என்பதை அது தெளிவாகவே காட்டியது. தேடும் பக்கமும் போஸ்ட்பிக்ஸ் பதிவேட்டைவிட மிக இலகுவானது. வடிகட்டலில் எங்கள் சேர்வர் அவற்றுக்குக் கிட்டவும் நிற்காது. தினமும் இரண்டு மூன்று குப்பை மடல்கள் எங்கள் பெட்டிகளுக்குள் நுழைகின்றன. என் குறுகிய சோதனையில் ஒரு கடினமான பழுதும் வரவில்லை, ஆகவே வாசலில் திருப்பப்படும் மடலை அவை எவ்வளவு நன்றாகக் காட்டும் என்பதில் என் தீர்ப்புக்குப் பெறுமதி குறைவு. பதிவேட்டைப் படிக்க ஓர் ஆள் இல்லாத நிறுவனம், 5 பெட்டிகளுக்கு உட்பட்ட தேவையுடன் இருந்தால், விபிஎஸ் எடுக்காமல் கட்டணச் சேவைக்குப் போவதே புத்தி. படிக்க ஆளில்லாத பதிவேடு கடைக்கு வெறும் கனம்.

எங்கள் விபிஎஸ்ஸின் உண்மையான பலவீனமும் அதுதான், ஏனென்றால் நான் ஒருவன். மாதத்தில் பாதி நாட்கள் கிளைகளுக்கும் வவுனியாவுக்கும் அலைகிறேன். அதனால் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் தங்கைக்கு, அனுப்பியவரின் முகவரியைக் கொடுத்துப் பதிவேட்டில் தேடும் ஒரு சிறு பக்கத்தை உருவாக்கிக் கொடுத்தேன். நேரத்துடன் ஐந்தரையைக் கூட்டுவதையும், 250, 4, 5 ஆகியவற்றின் பொருளையும் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். போன மாதம் நான் மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணை, விடியப்புறத்திலயிருந்து வாற எல்லாத்துக்கும் 452 எண்டு விழுந்திருக்கு. இடம் முடிஞ்சுபோச்சோ?"

முடிந்துதான் போயிருந்தது, நான் எழுதிய காப்புப்பிரதி நிரல் பழையவற்றை அழிக்காமல் வட்டை நிரப்பியிருந்தது. பஸ் முறிகண்டியில் நின்றபோது கைப்பேசியிலிருந்தே பழைய பிரதிகளை அழித்தேன். 452 தற்காலிக மறுப்பு என்பதால் அனுப்பியவர்கள் எவருக்கும் நாங்கள் தொலைபேசி எடுக்கவேண்டியிருக்கவில்லை. பின்னேரத்துக்குள் மடல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துவிட்டன.