தோட்டா விற்க மறுத்த கடை

அண்ணா சாலையை ஒட்டி, மாடியில் இருக்கிற ஒரு துப்பாக்கிக் கடை. உரிமம் பெற்ற பழைய கடை. ஒரு பெட்டி தோட்டா வாங்கப் போனேன், தரமாட்டேன் என்றார்கள். அதனாலேயே இந்தக் கடையை நம்பிப் போகலாம் என்கிறேன்.

துப்பாக்கி தாத்தாவுடையது, இப்போது என் உரிமத்தில் இருக்கிறது. 12 போர் ரெட்டைக்குழல். மதுராந்தகத்துப் பக்கம் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வைத்திருந்தார். பித்தளைத் தோட்டாக்களில் கருமருந்தை, அதாவது புகை கக்கும் பழைய கால வெடிமருந்தை, தன் கையாலேயே அடைப்பார்.

கடையில் பழுது பார்க்கும் பெரியவர் குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். மேலே மரத்தின் ரேகை போல வரிவரியாக ஓடியது. "டமாஸ்கஸ் சார். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுத்திப் பத்த வெச்சது. உள்ளே எந்த இணைப்புல துரு இருக்குன்னு வெளியே தெரியாது" என்றார். குழல் வெடியைத் தாங்குமா என்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் சோதித்துக் குத்திய முத்திரைகளை லென்ஸில் காட்டினார். கருமருந்துக்குச் சோதித்த முத்திரை மட்டும்தான் இருந்தது, இப்போதைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்கு உரியது இல்லை.

அப்புறம் ஓர் அளவுகோலை உள்ளே விட்டார். தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர் நீளம். நான் கேட்டதோ 70 மில்லிமீட்டர் தோட்டா. அது உள்ளே சரியாகத்தான் போய் உட்காரும், ஆபத்தே அதுதான். பெட்டியில் போட்டிருக்கிற நீளம், சுட்ட பிறகு தோட்டாவின் மடித்த வாய் விரிந்த நீளம். விரிவதற்கு இடமில்லாவிட்டால் அழுத்தம் எகிறிவிடும். இதையெல்லாம் இவ்வளவு பொறுமையாக வேறு எந்தக் கடையிலும் எனக்குச் சொன்னதில்லை.

சுத்தம் செய்த விதமும் அருமை. கருமருந்துக் கரி ஈரத்தை இழுக்கும், சென்னைக் கடல்காற்றில் கேட்கவே வேண்டாம். வெறும் எண்ணெய்க்கு அது போகாது. முதலில் வெந்நீர், பிறகு நன்றாகக் காயவைத்து எண்ணெய். தாத்தாவின் பித்தளை உறைகளில் ஒன்றில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் வெடிக்காமலே இருந்ததைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைத்தார்.

குறை என்றால் தாமதம். சொன்ன தேதிக்குத் தரவில்லை, போன் செய்து கேட்டால்தான் பதில். துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் போட்ட பாலீஷும் எனக்குக் கொஞ்சம் பளபளப்பு அதிகம், வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். உரிமப் புத்தகத்தின் அசல் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே மாட்டார்கள். கூலியை மட்டும் வேலைக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.