எந்த ஏஐ-யிடம் எதைச் சொல்லலாம்?

"சாட்ஜிபிடி நல்லதா, ஜெமினி நல்லதா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எதற்கு மூளை அதிகம் என்றுதான் கேட்கிறார்கள். லீவ் லெட்டர் எழுத, ஊர் சுற்றத் திட்டம் போட எதுவானாலும் போதும். நாம் எழுதுவது எங்கே போகிறது, எத்தனை நாள் கிடக்கிறது, யார் கண்ணில் படலாம் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சாட்ஜிபிடி-யில் தனிநபர் கணக்கு என்றால், காசு கட்டினாலும் கட்டாவிட்டாலும், நம் பேச்சைப் பயிற்சிக்கு, அதாவது ஏஐ-க்குக் கற்றுக்கொடுக்க, எடுத்துக்கொள்ளும் அனுமதி முதலிலேயே ஆன் ஆகியிருக்கும். செட்டிங்ஸில் 'டேட்டா கன்ட்ரோல்ஸ்' போய் அதை ஆஃப் செய்யலாம். பழைய உரையாடல்கள் பட்டியலில் அப்படியே இருக்கும். கூகுளின் ஜெமினியில் பயிற்சி அனுமதியும் ஹிஸ்டரியும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன: 'ஆக்டிவிட்டி' என்ற செட்டிங்கை நிறுத்தினால் ஹிஸ்டரியும் சேமிப்பாகாது, போன வாரம் கேட்டதைத் தேடி எடுக்க முடியாது. நிறுத்தாமல் விட்டால் வழக்கமாக 18 மாதம் இருக்கும். தரம் பார்க்க மனிதர்கள் படிக்கும் உரையாடல்களோ, கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டு 3 ஆண்டு வரை இருக்கும். நாம் அழித்தாலும் அவை போகாது. ரகசியமான எதையும் எழுதாதீர்கள் என்று கூகுளே சொல்லிவிடுகிறது. இந்த விஷயத்தில் என் ஓட்டு சாட்ஜிபிடி-க்கு.

அதற்காக, அங்கே அழித்தால் அழிந்தது என்று நம்பிவிட வேண்டாம். 30 நாளில் நீக்கிவிடுவதாகத்தான் அதை நடத்தும் ஓப்பன்ஏஐ சொல்கிறது. ஆனால் நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், அழித்தவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லி 2025 மே மாதம் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அது விலகச் செப்டம்பர் ஆகிவிட்டது.

ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஏஐ-யான கிளாட் 2025-ல் பயனர்களையே முடிவு செய்யச் சொன்னது: பயிற்சிக்குச் சரி என்றால் 5 ஆண்டு வைத்திருக்கும், வேண்டாம் என்றால் 30 நாள். கேட்டது நல்லதுதான். ஆனால் கேட்ட பெட்டியில் அனுமதி ஏற்கெனவே ஆனில் இருந்தது. படிக்காமல் ஓகே அமுக்குகிறவர்கள் எந்தப் பக்கம் விழுந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் வீடுகளில் அதிகம் புழங்குவது வாட்ஸ்அப்பில் உள்ள மெட்டா ஏஐ-தான். கையருகே இருக்கிறது, தனியாக ஆப் வேண்டாம். சிக்கலும் அங்கேதான். அக்காவுக்கு அனுப்பும் மெசேஜை வாட்ஸ்அப் நிறுவனமே படிக்க முடியாது. அந்த நீல வளையத்திடம் கேட்பதோ நேராக மெட்டாவுக்குப் போகிறது. இரண்டும் ஒரே திரையில் இருப்பதால் பெரியவர்களுக்கு இது புரிவதில்லை. நான் என்றால் சமையல் குறிப்புக்கு மேல் அதனிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

சீன ஏஐ-யான டீப்சீக் இலவசம், கணிதத்தில் கெட்டி. தகவல்கள் சீனாவில் உள்ள சர்வர்களில் சேமிக்கப்படும் என்று அதன் கொள்கையிலேயே இருக்கிறது. ஆனால் அதே மாடலை இறக்கி நம் கணினியில் ஓட்டினால் எதுவும் வெளியே போகாது. ஒல்லாமா, எல்எம் ஸ்டூடியோ போன்ற மென்பொருள்கள் அதற்குத்தான். லேப்டாப்பில் ஓடுவது சின்ன வடிவம் மட்டுமே, அதன் தமிழும் தடுமாறும். இந்திய நிதியமைச்சகம் 2025 ஜனவரியில் அலுவலகக் கணினிகளில் டீப்சீக்கோடு சாட்ஜிபிடி-யையும் சேர்த்தே தவிர்க்கச் சொன்னது என்பதையும் கவனிக்கலாம்.

புளுகுவதில் எல்லாம் ஒரே கட்சி. 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். இத்தனைக்கும் "இது நிஜ வழக்குதானா?" என்று அதனிடமே கேட்டிருந்தார்கள், ஆமாம் என்றது. ஒன்று சொன்னதை இன்னொன்றிடம் சரிபார்ப்பதும் எனக்கு ஒப்பாது. மூலத்தைத் திறந்து பார்ப்பதுதான் வழி.

பலர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அப்படியே போட்டோ எடுத்து ஏஐ-யில் ஏற்றுகிறார்கள். மேலே பெயர், வயது, போன் நம்பர், டாக்டர் பெயர் எல்லாம் இருக்கும். "55 வயது ஆண், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) 7.8" என்று தட்டினாலும் அதே விளக்கம்தான் கிடைக்கும். அப்புறம் ஆபீஸ் ஃபைல். ஊழியர்கள் உள் நிரல்களை சாட்ஜிபிடி-யில் போட்டது தெரிந்துதான் சாம்சங் 2023-ல் தடை போட்டது. கம்பெனி காசு கட்டித் தரும் பிசினஸ் கணக்கில், நாமாக அனுமதிக்காத வரை பயிற்சிக்கு எடுப்பதில்லை. அப்படி ஒன்று இருந்தால் அதில் மட்டும் போடுங்கள், அதுவும் மேலாளரிடம் கேட்டுவிட்டு.