ஜவ்வரிசி ஆலைக்கு டீசலா, கழிவுநீர் எரிவாயுவா?

சேலத்து ஜவ்வரிசி ஆலையில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் அரைத்த மரவள்ளிப் பால் தொட்டியிலேயே புளித்துவிடும். டீசல் ஜெனரேட்டர் உடனே கைகொடுக்கும், முதலீடும் குறைவு. ஆனால் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் காசு கரைகிறது.

என் மனம் எரிவாயுப் பக்கமே சாய்கிறது. ஓடையில் விட்டால் ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும் அதே ஆலைக் கழிவுநீர்தான் மூலப்பொருள்! காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிரிகள் அதிலுள்ள மாவுச்சத்தைச் சிதைக்க, ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன் கலந்த வாயு மேலெழுகிறது. அதை எஞ்சினில் எரித்தால் மின்சாரம். புகையோடு போகும் வெப்பத்தைப் பிடித்து மாவையும் உலர்த்தலாம்.

கவனம் ஒன்று வேண்டும். அந்த வாயுவில் கலந்துவரும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை முன்பே நீக்காவிட்டால் எஞ்சின் உள்ளுக்குள் அரித்துப்போகும். கிழங்கு வரத்து ஓய்ந்த மாதங்களில் வாயுவும் வற்றிவிடும். அப்போதைக்கு டீசல் ஜெனரேட்டரை விற்றுவிடாமல் வைத்திருங்கள்.