மலிவு விலை ரிசீவர்கள்: தரையில் ஒரு சோதனை

ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானங்களுக்கான மலிவு விலை ரிசீவர்கள் (கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் கட்டளையைப் பெறும் கருவிகள்) மூன்றை, விமானத்தில் பொருத்துவதற்கு முன் தரையிலேயே சோதித்தேன். மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. டிரான்ஸ்மிட்டருடன் இணைவதில் எதுவும் சிரமம் தரவில்லை.

சிக்னல் எட்டும் தொலைவைச் சோதிக்க, டிரான்ஸ்மிட்டரின் ஆற்றலைக் குறைத்து வைத்துக்கொண்டு 30 தப்படி நடந்தபோது முதல் இரண்டும் பிசகவில்லை. மூன்றாவதிலோ 20 தப்படிக்குள்ளாகவே சர்வோக்கள் (விமானத்தின் அசையும் பாகங்களைத் திருப்பும் சிறு மோட்டார்கள்) நடுங்கத் தொடங்கின. உறையைத் திறந்து பார்த்தால், கால் அலைநீளமான ஏறத்தாழ 31 மில்லிமீட்டருக்கு நேராக நீண்டிருக்க வேண்டிய ஆன்டெனாவின் நுனி, உள்ளேயே மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தி வெளியே எடுத்த பிறகு அதுவும் 30 தப்படியைத் தாண்டியது. விலை குறைவு என்பதற்காக இந்த அலட்சியத்தை மன்னிக்க எனக்கு மனமில்லை.

சிக்னல் அறுந்தால் என்ன ஆகிறது என்று அறிய, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தேன். முதலாவது மோட்டாரை உடனே நிறுத்தியது. இரண்டாவதோ கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓடவிட்டது; கட்டுப்பாடு இழந்த விமானத்தில் இதைவிட ஆபத்தான நடத்தை வேறில்லை. சிக்னல் அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபெயில்சேஃப் அமைப்பை நாமே பதிவு செய்தால் இது சரியாகிவிடுகிறது என்றாலும், கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எல்லா சர்வோக்களையும் ஒரே நேரத்தில் அசைத்தபோதும் மின்னழுத்தச் சரிவால் எதுவும் அணைந்துபோகவில்லை. முதலாவதை என் பயிற்சி விமானத்தில் பொருத்திவிட்டேன். மூன்றாவது, எடை குறைந்த தெர்மோகோல் கிளைடருக்கு மட்டுமே.